கண்ணாடிக் கடையில் மூட மறுத்த சாஃப்ட்வேர்

அண்ணிக்கு வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவதுதான் பிழைப்பு. கெட்டிக்காரி, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் யாராவது தப்பு என்று சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். நாத்தனாரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தது அவள்தான். சொந்தமாகப் பிடித்த முதல் வேலை.

போட்டு இரண்டாம் நாளே நாத்தனார் ஃபோன் செய்தாள். "அண்ணி, மூடினா ஸ்கிரீன்ல காணாம போயிடுது, ஆனா உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. மறுபடி திறந்தா கண் பவர் பாக்குற மெஷினோட சேரவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட வேண்டியிருக்கு."

"என் கம்ப்யூட்டர்ல அழகா மூடுதே!"

ஒரு வாரம் இதே பல்லவி. கடைசியில் நாத்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப உங்க கம்ப்யூட்டரைக் கொண்டாந்து என் கடையில வச்சிடுங்க. இல்லாட்டி விடுங்க, மத்தியானம் வேற கம்பெனிக்காரர் வர்றார். அவர் சாஃப்ட்வேரையே போட்டுக்கறேன்."

அண்ணிக்குப் பகீரென்றது. முதல் வேலையே கை நழுவினால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கடையில் சாஃப்ட்வேரை மூடிப் பார்த்தாள். நாத்தனார் சொன்னது அப்படியே உண்மை. உள்ளே இன்னும் என்னதான் ஓடுகிறது என்று துருவினாள். ஒரே ஒரு த்ரெட், அதாவது சாஃப்ட்வேருக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை, மெஷினின் இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, அது ஏதாவது அனுப்பும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. மூடியாச்சு, கிளம்பு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் அண்ணி! மெஷின் இருந்தால்தான் அந்த த்ரெட்டே ஓட ஆரம்பிக்கும். அண்ணி வீட்டில் ஏது மெஷின்? அங்கே அழகாக மூடாமல் என்ன செய்யும்? அட கடவுளே, நேரில் வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மூடும்போதே த்ரெட்டை நிற்கச் சொல்லி, மெஷினின் இணைப்பையும் விடுவிக்க நாலு வரி சேர்த்தாள். மூடினாள். சுத்தமாக நின்றது. நாத்தனார் நம்பாமல் தானும் நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அதற்குள் கம்பெனிக்காரர் பையும் கையுமாக வந்துவிட்டார்.

"வேணாங்க, சரியாயிடுச்சு," என்றாள் நாத்தனார்.

அவர் விடுவதாயில்லை. "இன்னிக்கு சரிம்மா, நாளைக்கு மக்கர் பண்ணா? நாங்க கூப்பிட்ட உடனே ஆள் அனுப்புவோம். உங்களுக்கு யாரு வருவா?"

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் வருவேன்," என்றாள். "ஃபோன்லயே சண்டை போட மாட்டேன்."

"கேட்டீங்கல்ல?" என்றாள் நாத்தனார், கம்பெனிக்காரரிடம்.