உப்பை நீரே பாரும்

இத்தாலியில், பலெர்மோவில் என் சாப்பாட்டுக் கடைக்கு முதலில் நானேதான் சமையல்காரி. இரண்டாவது கடை திறந்ததும் போர்கோ வெக்கியோ பகுதியிலிருந்த பழைய கடையின் அடுப்பை மன்னார்ப் பெண் ரீத்தாவிடம் விட்டேன்.

ஒருநாள் நான் அங்கே நிற்கையில், ஞானஸ்நான விருந்துக்குச் சாப்பாடு சொல்ல வந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் அவளைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"தங்கச்சி, நண்டுக்கறி நீர்தான் வைக்கவேணும். மன்னார்க் கை எங்களுக்குச் சரிவராது."

என் கை தானாக ஏப்ரனை எடுத்தது. ரீத்தா ஒதுங்கி எனக்கு இடம்விட்டாள். இத்தாலியர் வீட்டில் வேலை செய்த காலத்தில், வீட்டு எசமானி சிஞ்ஞோரா குசினிக்குள் வந்தால் நானும் அப்படித்தான் ஒதுங்கி நிற்பேன். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஏப்ரனைத் திரும்ப ஆணியில் தொங்கவிட்டேன்.

"அண்ணை, இஞ்சை ரீத்தாதான் சமையல். விருப்பமில்லையெண்டால் வேறை இடம் பாருங்கோ."

அவர் போய்விட்டார். ரீத்தா அகப்பையை நீட்டினாள்.

"அக்கா, உப்புப் பாருங்கோ."

"நீரே பாரும்" என்றேன்.

விருந்து போனால் போகட்டும். அன்றைக்குத்தான் நான் முதலாளியானேன்.