நோகாத நெஞ்சு

என் மகளுக்கு ஏழு வயதில், சென்னையில் வேறொரு பிள்ளையின் இதயத்தை வைத்தார்கள். அன்றிலிருந்து நாலு வருடமாக, உப்புவெளியில் எங்கள் வீட்டில் விடிந்ததும் நான் கேட்பது ஒரே கேள்விதான். அவளுடைய மருந்துக் குளிசைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "நெஞ்சு நோகுதா?" என்பேன். "இல்லை அம்மா" என்பாள். அதன் பிறகுதான் எனக்குத் தேநீர் தொண்டைக்குள் இறங்கும்.

வருடத்துக்கு ஒருமுறை கடல் கடந்து சென்னைக்குப் போய், இதயத்து இரத்தக் குழாய்களைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். போன முறை அந்தத் தவணை நவராத்திரியோடு வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் இங்கே மேளதாளத்தோடு, கரகம்போல் தலையில் தூக்கி ஆடியபடி, தெருத்தெருவாகக் கும்பம் வரும். அதை விட்டுவிட்டுப் போக மகளுக்கு மனமில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை. "நோ ஒண்டும் இல்லைத்தானே, கும்பம் முடியட்டும்" என்றேன். முடிந்தது. பிறகு மழை, பிறகு பள்ளிக்கூடச் சோதனை. நாலு மாதம் போய்விட்டது. அலுவலகத்தில் யாராவது ஒரு கடிதத்தை ஒருநாள் பிந்திக் கொடுத்தாலே கிழிகிழியென்று கிழிப்பவள் நான்!

கும்பத்தின் பின்னால் போன அன்றே அவள் பாதி வழியில் ஒரு கடை வாசலில் குந்திவிட்டாள்.

"களைக்குது அம்மா."

"போன் பாக்கிறதுக்கு மட்டும் களைக்காது" என்று ஏசினேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

சென்னையில் வைத்தியர் திரையை என் பக்கம் திருப்பினார். முக்கியமான குழாய் ஒன்று நூல் போல ஒடுங்கிக் கிடந்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு! நான் கத்தியே விட்டேன்.

"இது வேற ஆரோ பிள்ளையின்ரை படம், டொக்டர். ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். ஒருநாளும் நோகுதெண்டு சொன்னதில்லை."

"மாத்தி வச்ச இதயம்மா அது. நரம்பையெல்லாம் வெட்டித்தான் எடுத்து வைப்போம். அடைப்பு வந்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது, சில பேருக்குக் களைப்பு மட்டும்தான் தெரியும். அதனாலதான் வருஷா வருஷம் வரச் சொல்றோம்."

இதை முதலிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்களாம். இருக்கும். பிள்ளை பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அன்றைக்கு என் காதில் என்னதான் ஏறியிருக்கும்?

ஒடுங்கிய இடத்தில் ஸ்டென்ட் வைத்துக் குழாயை விரித்தார்கள். ஒரு மருந்தை மாற்றினார்கள். இதனால் நோய் மாறிக் குணமாகிவிடாது, கொஞ்சக் காலம் கிடைக்கும், மற்றக் குழாய்களும் ஒடுங்கினால் இன்னொரு இதயம் தேட வேண்டிவரும் என்றார் வைத்தியர். எவ்வளவு காலம் என்று கேட்கப் பயந்து, கேட்காமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, குளிசைகளைக் கொடுத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்காமல் திரும்பினேன். மகள் தண்ணீரைக் குடிக்காமல் என்னையே பார்த்தாள்.

"ஏன் அம்மா இண்டைக்குக் கேக்கேல்லை? நீங்கள் கேக்காட்டி எனக்குப் பயமாக் கிடக்கு."

கேட்டேன்.

"இல்லை அம்மா" என்று சிரித்தாள்.

நாலு வருடமாக என்னை நிம்மதியாக இருக்க வைத்த அதே பதில்தான். அன்றைக்கு என் தேநீர் குடிக்காமலே ஆறிப் போனது.