தொழில் என்ற கட்டம்

வளைகுடாவில், தேரா என்ற கடைத்தெருப் பகுதியில் ஒரு டைப்பிங் சென்டரில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். விசா, லேபர் கான்ட்ராக்ட் என்று வருகிறவர்களின் காகிதங்களை வாங்கி, கம்ப்யூட்டரில் இருக்கிற கட்டங்களை நிரப்புவதுதான் பிழைப்பு. பெயர், பிறந்த நாடு, தொழில், கஃபீல். கஃபீல் என்றால் விசா எடுத்துக் கொடுத்து நம்மைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் முதலாளி. எப்பேர்ப்பட்ட மனிதரையும் இந்த நான்கு கட்டங்களுக்குள் உட்கார வைத்துவிட என் விரல்களுக்குப் பழகிவிட்டது.

போன வருஷம் ஓர் அமெரிக்க இன்ஜினியர் வந்தார். வளைகுடாவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பப் போகிறவர். விசா வேலையாக எங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். இந்தத் தடவை அவர் கையில் ஓர் அட்டைப்பெட்டி, அது நிறையப் பழைய கையெழுத்துக் காகிதங்களின் நகல்கள். அவருடைய வம்சத்தில் முதன்முதலாகக் கப்பலேறி வர்ஜீனியாவில் இறங்கியவரின் கதையாம் அது. அமெரிக்கா என்று ஒரு நாடே இல்லாத காலம். இப்போது ஊரில் குடும்பம் மொத்தமும் ஒன்றுகூடப் போகிறது, அதற்குள் இதைப் புத்தகமாக அடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். தங்கள் குடும்பம்தான் அந்த மண்ணைத் திறந்தது என்று சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்று வாரம் அந்தக் கோழிக் கிறுக்கலோடு மல்லுக்கட்டினேன். பாதியில் ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. கப்பல் செலவைப் புகையிலைத் தோட்டத்துக்காரர் ஒருவர் ஏற்றுக்கொள்வார், பதிலுக்கு இவர் ஏழு வருஷம் அவரிடம் வேலை செய்ய வேண்டும். எஜமானர் அனுமதி இல்லாமல் கல்யாணம் கூடாது. சீட்டு இல்லாமல் வெளியே போகக் கூடாது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். இதைத்தானே தினமும் அடிக்கிறேன்.

அந்தச் சிரிப்பில்தான் தப்பும் செய்தேன். அத்தியாயத்தின் தொடக்கத்தில் அந்த முன்னோரைப் பற்றி ஓர் அட்டவணை போட்டிருந்தேன். கை தன் பாட்டுக்கு அதே நான்கு கட்டங்களைப் போட்டுவிட்டது. தொழில்: வேலைக்காரன். கஃபீல்: தோட்டத்துக்காரரின் பெயர்.

இன்ஜினியர் அதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. தங்கள் முன்னோர் நிலம் வைத்திருந்தவர், குடியேறியவர், அப்படித்தான் போட வேண்டும் என்றார். அந்த ஒப்பந்தப் பக்கமும் வேண்டாம், பேரப்பிள்ளைகள் எல்லாம் வாசிப்பார்கள் என்றார். அருகில் நின்ற எங்கள் முதலாளி கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம். நான் தேயிலை மலைநாட்டு ஹட்டன்காரி; எங்கள் நாட்டு வழக்கப்படி அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, அது அவரு குடும்பத்துக் கதை. அழிக்கச் சொன்னா அழிச்சிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார் அவர்.

என் விசா அவர் கையில். அவர்தான் என் கஃபீல். வேறு நாளாக இருந்தால் அழித்திருப்பேன். அன்று அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

என் அம்மா ஹட்டனிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று எங்கள் வீட்டார் சொல்லி வைத்தார்கள். நானும் தலையாட்டினேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பெரியம்மா, தலை சுற்றுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்று அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கடிகாரம் கட்டாத தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் பட்டுச்சேலையில், மாலையும் கழுத்துமாக, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மௌனத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கஃபீல் என்ற கட்டத்தை அழித்து, காகிதத்தில் உள்ளபடியே எஜமானர் என்று மாற்றினேன். பிறகு எழுந்து நின்றேன்.

"நானா, கஃபீல்னு போட்டது என் தப்பு, மாத்திட்டேன். வேலைக்காரன்ங்கிறது அந்தக் காயிதத்துலயே இருக்கு. அத நான் அழிக்க மாட்டேன். விசாவ கேன்சல் பண்றதுன்னா பண்ணிக்கங்க."

கீபோர்டை இன்ஜினியர் பக்கம் திருப்பி வைத்தேன். அழிக்கும் பொத்தான் இது, வேண்டுமானால் நீங்களே அழுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.  

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தார். அதுவரை அதை அவர் முழுதாகப் படித்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் அந்த ஆள் எத்தனை வருஷம் வேலை செய்தார் என்று கேட்டார். பத்து என்றேன். ஏழு வருஷம் ஒப்பந்தப்படி, ஓடிப்போனதற்குத் தண்டனையாக இன்னும் மூன்று வருஷம், நிலமெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் விரல் பொத்தானுக்கு மேலே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கீபோர்டை என் பக்கமே தள்ளினார். வேலைக்காரன் என்ற எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன்.

புத்தகம் அப்படியே அச்சானது. என் விசா இன்னும் கேன்சல் ஆகவில்லை. நானா ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, எட்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் முதல் தடவையாகச் சொன்னேன். அவர் அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

"அந்தாளு எத்தன வருசம் வேல செஞ்சாருன்னு சொன்ன?"

"பத்து வருசம்மா."

"பத்துதானா? அதுக்கே பொஸ்தகம் போடுறாங்களா? நா பத்தொம்பது வருசம் இருந்தேன், புள்ள. அத எங்கயாச்சும் எழுதி வையி."

எழுதுகிறேன். என் அம்மா குவைத்தில் பத்தொன்பது வருஷம் வீட்டு வேலை செய்தார். நர்ஸ் இல்லை.