எலுமிச்சம்பழம் தின்ற இரும்பு

என்னிடம் பழைய வாள்கள் இருக்கின்றன என்று தெரிந்ததும் யாரும் வாளைப் பற்றிக் கேட்பதில்லை. பொம்பளைக்கு எதற்கு இது என்றுதான் கேட்கிறார்கள். ஒடுகத்தூரில் நான் பழைய இரும்புக் கடை நடத்துகிறேன். பேரீச்சம்பழத்துக்கு வாங்கினதா என்று கிண்டல் வேறு. ஆமாம், அப்படித்தான் என்பேன். ஓட்டைக் குடங்களோடும் தேய்ந்த ஏர்க் கொழுவோடும் ஒரு சாக்கு மூட்டையில் வந்து விழுந்ததுதான் என் முதல் வாள். தராசில் போடக் கையில் எடுத்தேன், போட மனசு வரவில்லை. ஒரு ஆண் தபால்தலை சேர்த்தால் அது பொழுதுபோக்கு, நான் வாள் சேர்த்தால் மட்டும் எனக்குக் கிறுக்கா?

பொய் வாளைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தீட்டி, ஆசிட்டில் முக்கி, எருக்குழியில் கொஞ்ச நாள் புதைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். துரு பிடித்திருக்கும். ஆனால் பெயின்ட் அடித்த மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பிடித்திருக்கும். நிஜத் துரு ஓரவஞ்சனை செய்யும். கை பட்ட இடத்தை விட்டுவிடும், ஈரம் தங்கின இடத்தைத் தின்றுவிடும். அதனால் எந்த ராஜாவின் வாள் என்று நான் கேட்பதில்லை. இத்தனை வருஷமாக இதை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்றுதான் கேட்பேன். ராஜா பெயரோடு வருகிறவர்களைப் பாதிக் கதையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

போன மாசியில் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு ஜீப் என் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் மேலே ஒரு ஊரின் திருவிழாக் கமிட்டித் தலைவர். வேலை திருப்பத்தூரில், ஊருக்கு வருவது திருவிழாவுக்கு மட்டும். அவர்கள் அம்மன் கோயிலில் பரம்பரையாக ஒரு வாள் இருக்கிறது. எப்போதும் கரேலென்று இருந்த வாள் இந்த வருஷம் பளபளவென்று இருக்கிறதாம். பிடிக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து வேறு. பூசாரி பழைய வாளை விற்றுவிட்டு ஃபேக்டரி வாளை வாங்கி வைத்துவிட்டான் என்று சொல்லி, செல்போனில் அதே மாதிரி வாள்களின் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். ஊர் கூடிப் பேசியாகிவிட்டது. விஷயம் தெரிந்தவர் ஒருவர் வாள் புதுசு என்று சொல்லிவிட்டால் பூசாரியின் பூசை உரிமை போய்விடும், போலீஸிலும் எழுதிக் கொடுப்பார்கள். பூசாரி என்ன சொல்கிறார் என்று கேட்டேன். தெரியாது என்பதைத் தவிர வேறு வார்த்தை அவன் வாயில் வரவில்லை என்றார்.

கடைசியில், "நீங்க வந்து புதுசுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்மா" என்றார். பதிலை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கிற இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அந்த எரிச்சலில்தான் ஜீப்பில் ஏறினேன்.

கோயில் ஊரை ஒட்டி, புளியமரங்களுக்கு நடுவே இருந்தது. புளி உலுக்கும் காலம். ஆனாலும் வேலையை விட்டுவிட்டு ஊரே வந்திருந்தது. பூசாரி நாற்பது வயதுக்காரர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக நின்றார். அவர் மனைவி சற்றுத் தள்ளி, பெண்களோடு நின்றாள். வாளை வாழை இலைமேல் வைத்திருந்தார்கள். நான் குனிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்த வாளைப் பெண்கள் தொடக்கூடாதாம். தொடாமல் எப்படிப் பார்ப்பது, நான் என்ன ஜோசியமா சொல்ல வந்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள்.

பிறகு ஊர்ப் பெரியவர், "நீங்க வெளியாளு, பரவால்ல. கைல இந்தத் துண்ட சுத்திக்கினு எடுங்க" என்றார்.

துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். வெறும் கையால்தான் எடுத்தேன்.

எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது, அது புதுசு இல்லை. புது வாள் நுனிப்பக்கம் கனத்துக் கையை இழுக்கும். இது கையில் அடங்கி உட்கார்ந்தது. பிடி நம்ம ஊர் வேலை, அடியில் தட்டு வைத்த இரும்புப் பிடி. வாளின் இரும்பு மட்டும் கப்பலில் வந்தது. அந்தக் காலத்தில் சீமையிலிருந்து வெறும் இரும்பை வாங்கி இங்கே பிடி போட்டுக்கொள்வார்கள், எழுத்து அந்தச் சீமைக் கம்பெனி குத்தினது என்று சொன்னேன். கமிட்டித் தலைவர் முகம் சுருங்கிவிட்டது. மகாராஜா கொடுத்த வாள் என்று அவர் ஏற்கெனவே திருவிழா நோட்டீஸே அடித்துவிட்டார். மகாராஜாக்களும் கடையில்தான் வாங்கினார்கள் என்றேன்.

வாள் பழசு என்றால் போதாது. இது அதே வாள்தானா என்பதுதான் பூசாரியின் கழுத்தில் தொங்கிய கேள்வி. வாளைத் திருப்பி வெயிலில் பிடித்தேன். நுனிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பக்கமும், அம்மைத் தழும்பு மாதிரி இரும்பு குழி குழியாக அரித்திருந்தது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, அந்த ஒரு பட்டையில் மட்டும். திருவிழாவில் வாளுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இலுப்பெண்ணெய் தடவுவோம், மஞ்சள், குங்குமம் சாத்துவோம், நுனியில் எலுமிச்சம்பழம் குத்துவோம் என்றார் பெரியவர். பழத்தை எப்போது எடுப்பீர்கள் என்றேன். எடுக்க மாட்டோம், அதுவாகக் காய்ந்து உதிரும் என்றார். வாளைத் துடைப்பதும் வழக்கமில்லை. ஒவ்வொரு வருஷமும் பழைய பூச்சின் மேலேயே புதுப் பூச்சுதான்.

ஒரு எலுமிச்சம்பழம் கேட்டேன். கொண்டுவந்தார்கள். வழக்கம்போல எவ்வளவு தூரம் இறக்குவீர்களோ அவ்வளவு வந்ததும் சொல்லுங்கள் என்று பெரியவரிடம் சொல்லி, அவரைப் பார்த்தபடியே நுனியில் குத்தி இறக்கினேன். போதும் என்று அவர் கை காட்டினார். பழம் அந்தத் தழும்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்து அதை மூடிவிட்டது. தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள் குத்திய பழங்களின் சாறு தின்ற இடம் அது. எந்த ஃபேக்டரியிலும் இப்படி ஒரு வாள் செய்து தர மாட்டார்கள்.

கமிட்டித் தலைவர் விடவில்லை. ஆசிட் ஊற்றி அரிக்க வைக்கலாம், நீங்களே சொல்வீர்களாமே என்றார். சரி என்று தலையிலிருந்த ஹேர்பின்னை உருவினேன். வாள் பிடிக்குள் நுழைகிற சந்தில் விட்டு நோண்டினேன். கறுப்பும் மஞ்சளும் சிவப்புமாகப் பழைய பூச்சு பொருக்குப் பொருக்காக விழுந்தது. பெரியவர் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கி முகர்ந்தார். இலுப்பெண்ணெய் வாசம் அவருக்குத் தெரியாதா?

"வாளு அதுதான்" என்றார். "அப்ப இந்தக் கருப்ப எடுத்தது யாரு?"

பூசாரி நிமிர்ந்து பார்த்தார், பழையபடி தலை குனிந்துகொண்டார். திருட்டுப் பட்டத்தைச் சுமந்தாலும் சுமப்பேன், இதைச் சொல்ல மாட்டேன் என்று நிற்கிற ஆளின் முகம் அது. எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவர் யாரையோ மறைக்கிறார். யாரை என்று யோசிப்பதற்குள் அவர் மனைவி முன்னால் வந்துவிட்டாள்.

"நாந்தாங்க தேச்சேன். புதுப் புளி வந்திச்சி. வூட்டு ஏனமெல்லாம் வெளக்கனேன். கோயில்ல விசேசம் வருதே, அம்மன் வாளு மட்டும் அழுக்கா இருக்கணுமான்னு, சுடுதண்ணி ஊத்தி, புளியும் சாம்பலும் போட்டு நாரால தேச்சேன். அவருக்குத் தேச்சதுக்கு அப்புறந்தான் தெரியும்."

கூட்டம் கொதித்துவிட்டது. திருட்டு என்றபோதுகூட இவ்வளவு சத்தம் இல்லை. பொம்பள தொட்டுட்டா, தீட்டுப் பட்டுடுச்சி என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்குக் காது சூடானது. வாள் சேர்ப்பவளாகப் பார்த்தால் அவள் செய்தது தப்புத்தான். நல்ல வாளைப் புளி போட்டுத் தேய்ப்பதை என் கடையில் யாராவது செய்திருந்தால் கிழித்திருப்பேன். ஆனால் அது வேறு கோபம். வாளை இன்னும் நான்தான் பிடித்திருந்தேன். அதைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன்.

"இவ்ளோ நேரமா நான் தொட்டுக்கினுதானே இருக்கறேன்? இன்னா ஆயிடுச்சி? வெளியாளு தொட்டா பரவால்ல, வூட்டுக்காரி தொட்டா தீட்டா?"

பெரியவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவளே அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் கட்டிக்கினு வந்த நாள்ல இருந்து இதுக்கு மஞ்ச அரைக்கறது நானு. எண்ணெ காய்ச்சறது நானு. அதெல்லாம் தீட்டு இல்ல. அம்மன் கைல இருக்கற வாளுங்க அது. அவ இன்னா ஆம்பளையா?"

கமிட்டித் தலைவர் செல்போனைப் பார்த்துக்கொண்டார். பெரியவர் கோயில் பக்கம் பார்த்தபடி, பூசாரி அவன்தான், திருவிழா நடக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தார்கள். நான் விடவில்லை.

வாளை உள்ளே வைக்க வேண்டும். வாங்கிக்கொள்ளப் பூசாரி கையை நீட்டினார். நான் அவரைத் தாண்டிப் போய் அவளிடம் நீட்டினேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வாளை வாங்கி, எல்லார் முன்னாலும் நடந்து படியேறிக் கோயிலுக்குள் போனாள். நுனியில் நான் குத்திய எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.