அய்யனார் கேட்ட இடம்

புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் மீனம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் மேடு இருந்தது. அதை நிலம் என்று சொன்னால் நிலமே கோபித்துக்கொள்ளும். ஐப்பசி மழை ஒவ்வொன்றும் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய், இடுப்பளவு ஓடைகளாக அரித்துப் போட்டிருந்தது. புருஷன் வாந்திபேதியில் செத்த வருஷமே அவள் அதில் இறங்கிவிட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. தன் மண்ணில் ஒரு போகம் வரகு அறுக்க வேண்டும், கூலிக்குப் போகாமல் ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கினாள். கரையில் வேப்பங்கொட்டையும் பனங்கொட்டையும் ஊன்றினாள். தளிர் தலைகாட்டியதும் ஊரில் ஆடு மேய்க்கும் மூக்கனின் ஆடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின.

"மூக்கண்ணே, ஒன் ஆட்டுக்கு வேற காடே கெடைக்கலையா?"

"வாயில்லாச் சீவன், தங்கச்சி. ஒங் காடு எங் காடுன்னு அதுக்குத் தெரியுமா?"

தினமும் இந்தச் சண்டைதான். அங்கிட்டு அவளோடு பேச வந்த ஒரே ஆளும் அவன்தான்.

மூன்றாம் வருஷம் பொறுமை போயிற்று. ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, துண்டைச் சுற்றி, "அய்யனார் கனவுல வந்து எடங் கேட்டாரு" என்று ஊரில் சொல்லிவைத்தாள். கெட்டிக்காரிதான், போங்கள்! கோயில் காட்டில் சுள்ளிகூட ஒடிக்காத ஊர் அது. மறுநாளே ஆடுகள் வரவில்லை. மூக்கனும் வரவில்லை.

ஆறு வருஷத்தில் ஓடைகளில் வண்டல் தங்கியது. வேம்பு நிழல் கட்டியது, புல் மண்ணைப் பிடித்துக்கொண்டது. மீனம்மாள் மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தாள். சந்தோஷமாக ஊர்ப் பெரியவர் ரெங்கசாமியிடம் ஏர் கேட்டுப் போனாள்.

"சாமி காட்டுல ஏரா? ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

அது நான் நட்ட வெறுங்கல்லுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சாயங்காலமே ஆடும் அரிவாளும் உள்ளே இருக்கும், இரண்டு மழையில் மண் பழையபடி ஓடிவிடும். ஏர் இல்லாமலே திரும்பினாள்.

காட்டோரம் மூக்கன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டு நின்றான். ஆடுகள் தூரத்தில் நின்றன. மீனம்மாள் கூப்பிட்டாள்.

"உள்ள வாண்ணே, செத்த பேசிட்டுப் போ. ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வா."

"ஐயையோ, சாமி குத்தமாயிரும் ஆத்தா!"

தங்கச்சி என்று சண்டை போட்ட வாய் அது. அவளையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆடுகளோடு போய்விட்டான்.

மறுநாள் கூலிக்குக் களை எடுக்கப் போகிற வழியில் பெண்கள் அந்தக் காட்டைப் பார்த்து நின்று கும்பிட்டார்கள். மீனம்மாளும் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.