கேற்றில் கட்டிய வேப்பிலை

என் மகளுக்குப் பிறவியிலேயே குருதிச்சோகை. தலசீமியா இல்லை, அதைவிட அரிதானது. பெயரைச் சொன்னால் தாதிமாரே இன்னொரு தடவை கேட்பார்கள். மாதம் ஒருமுறை மட்டக்களப்புக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றுவோம். ஏற்றிய மறுநாள் முற்றத்தில் துள்ளுவாள். எனக்கு விளங்காதது ஒன்றுதான்: இரத்தம் குறைந்த பிள்ளைக்கு ஏன் ஓயாமல் காய்ச்சலும் சளியும்?

எட்டு வயதில் நியூமோனியா வந்து பிழைத்தபோது டொக்டரிடம் கேட்டேவிட்டேன்.

"இவவுக்குச் செங்குழியம் மட்டுமில்ல, கிருமியோட சண்டை பிடிக்கிற வெண்குழியமும் குறைவு டீச்சர். ரெண்டும் ஒரே என்புமச்சையில இருந்துதானே வாறது. இன்னொருக்கா இப்பிடி வந்தா தாங்கமாட்டா. கொஞ்சக் காலம் வீட்டுக்கு ஆக்கள் வாறதைக் குறையுங்க."

வெட்கமாகப் போய்விட்டது. கரும்பலகையில் படம் கீறி இதே பாடத்தைப் பதினைந்து வருடமாகப் படிப்பிப்பவள் நான். சொந்தப் பிள்ளையின் எலும்புக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் ஊர் பெரியகல்லாற்றில் ஆட்களைக் குறைப்பது எப்படி? வருத்தம் வந்தவரைப் பார்க்கப் போகாவிட்டால் அது ஆயுளுக்கும் மனக்கசப்பு. பிஸ்கட்டும் செவ்விளநீருமாக வருவார்கள், கட்டிலிலேயே இருப்பார்கள், மூக்கைத் துடைத்த கையாலேயே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேப்பங்கொத்து ஒன்றை முறித்து வாசல் கேற்றில் கட்டினேன். கொப்புளிப்பான், அதாவது அம்மை, வந்த வீட்டின் அடையாளம் அது. அம்மாள் வந்திருக்கிறாள் என்று எவரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். அம்மாளின் பெயரில் பொய் சொல்கிறேனே என்று அவளிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கிருமியைக் கண்ணால் காணாத காலத்தில் இந்த வழக்கத்தை யாருக்குச் செய்யத் தோன்றியது என்ற யோசனையும் கூடவே ஓடியது.

ஒருவரும் வரவில்லை. செவ்விளநீர் மட்டும் கேற்றடியில் கிடக்கும். கொத்து வாட வாட மாற்றிக் கட்டினேன். மூன்று மாதம் பிள்ளைக்குக் காய்ச்சலே இல்லை.

ஒருநாள் வாவிக்கரையில் மீன் வாங்கப் போன இடத்தில் அடுத்த வீட்டு மாமி பிடித்துக்கொண்டார்.

"மூணு மாசமா நிக்கிற அம்மாள நான் இந்த ஊரில கண்டதில்ல, புள்ள."

நான் மீன் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமி விடவில்லை.

"அம்மாள் வந்த புள்ளைய ஆராவது ஓட்டோவில ஏத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவாங்களா? முதல் மாசமே எல்லாருக்கும் விளங்கிற்று."

"அப்ப ஏன் மாமி ஒருத்தரும் கேக்கல்ல?"

"வாயால சொல்ல ஏலாமத்தானே கட்டினாய். புள்ள சுகமா இரிக்கட்டும் எண்டு விட்டம்."

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். மாமி கிட்ட வந்து அணைக்கவில்லை. அவருக்கு அன்று தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளியே நின்றார்.