சந்து விட்டு அடுக்கிய மூட்டைகள்

பதுளையில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டுக்கு முன்னால் கடை, நடுவில் ஸ்டோர், கடைசியில் நாங்கள். வீதியில் இறங்க வேண்டுமானால் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். பசறை, நமுனுகுல பக்கத்துத் தோட்டக் கடைகளுக்கு எங்கள் ஸ்டோரிலிருந்துதான் மாவும் சீனியும் பருப்பும் போகும். வீட்டில் இருந்த ஒரே அறை மாமியுடையது. நானும் கணவரும் கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் குடித்தனம் நடத்தினோம்.

எழுபத்தேழில் அரசாங்கம் மாறிய பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அதுவரை கியூவில் நின்று வாங்கிய சாமான்கள் லொறி லொறியாக வந்து இறங்கின. ஸ்டோர் நிரம்பிய அதே காலத்தில்தான் நானும் கர்ப்பமானேன். பிள்ளை பெற்ற பிறகு நாற்பது நாளும் திரைக்குப் பின்னால் கிடக்க என்னால் ஆகாது, எனக்கு ஓர் அறை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். மாமி அதை என்னிடமே சொல்லுவார்.

மூட்டை சுமப்பவரை எங்கள் ஊரில் நாட்டாமி என்போம். எங்கள் நாட்டாமி நமுனுகுல தோட்டத்துக்காரர். மகன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட, இவர் இருந்த லயத்து வீட்டைத் தோட்ட நிர்வாகம் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. பகலில் மூட்டை தூக்குவார். ராத்திரியில் ஸ்டோரின் நடுச்சந்தில், மூட்டை அடுக்கிய இரண்டு அட்டிகளுக்கும் இடையில், சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அறைக்கு இடம் எடுக்க மூட்டைகளை எப்படி அடுக்கினால் நல்லம் என்று கணவர் அவரிடமே கேட்டார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நடுவுல சந்து விட்டு ரெண்டு பக்கமும் அடுக்குனா எந்த மூட்டையையும் இழுக்கலாம் மொதலாளி. பழசு மொதல்ல வெளிய போயிரும். செவுத்தோட செவுரா சேத்து அடுக்குனா மொத வந்தது உள்ள மாட்டிக்கும். ஈரமும் இழுக்கும். ஆனா எடம் மிச்சம்."

"எவ்வளவு மிஞ்சும்?"

அவர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "ஒரு கட்டிலும் தொட்டிலும் போடலாமுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தில் படுப்பவர் எங்கே படுப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த வாரமே அவர் தம் கையாலேயே சந்தை மூடினார். ஒரு வரிசை நெடுக்காக, அடுத்த வரிசை குறுக்காக, கூரை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். மிச்சமான மூலையைத் தேயிலைப் பெட்டிப் பலகையால் தடுத்து எனக்கு அறையாக்கினார்கள். நான் ஜன்னலுக்குப் பூப்போட்ட துணி தைத்தேன்.

வலி எடுத்தது ஒரு விடியற்காலையில், நல்ல மழைக்குள். கார் வந்து நின்றது. கணவர் கடையின் பலகைக் கதவைத் திறந்தபோது, வாசலில் ஒரு சாக்குக் குவியல் அசைந்தது. நாட்டாமி. சாரல் பட்டுச் சாக்கு பாதி நனைந்திருந்தது. பதறி எழுந்து, சாக்கை ஓரமாக இழுத்துவிட்டுக் குடையை வாங்கி என் தலைக்கு மேல் பிடித்தார். "பாத்து எறங்குங்கம்மா, வழுக்கும்." வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறினேன். வலி ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

மகன் பிறந்தான். நாற்பது நாளும் நான் கேட்ட அறையில், நான் கேட்டபடியே கிடந்தேன். சூடாகச் சாப்பாடு வந்தது. மழை விடவேயில்லை. கூரையில் மழை விழ விழ எனக்கு அந்த நனைந்த சாக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. கணவரிடம் சொன்னேன். "அந்த மனிசனே ஒண்டும் சொல்லல்லியே, உங்களுக்கு என்ன?" என்றார். சொல்லாததுதான் என்னைக் குத்தியது. பகலில் அவர் மூட்டை இறக்கும்போது இருமுவது பலகைக்கு இந்தப் பக்கம் கேட்கத் தொடங்கியது.

நாற்பது முடிந்த கையோடு எனக்கொரு வழி கிடைத்தது. மாமி ரொட்டிக்கு மாவு அரித்துக்கொண்டிருந்தவர், "இஞ்ச பாருங்க, மாவுல வண்டு ஈக்கிது" என்றார். சுவரோரத்து மூட்டை அது. நான் அரிதட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நேரே கடைக்குள் போய்க் கணவரின் மேசைமேல் வைத்தேன். "சந்து விட்டிருந்தா இப்பிடி ஆகுமா? முழு ஸ்டோரும் கெடப் போகுது." வண்டு இருந்தது அந்த ஒரு மூட்டையில்தான். ஆனால் வியாபாரிக்கு நாட்டாமியின் இருமலைவிட மாவு வண்டின் பாஷை சீக்கிரம் புரியும்.

மறுபடி அட்டியைப் பிரித்தார்கள். பலகைத் தடுப்பு உள்ளே நகர்ந்தது, என் அறை ஒடுங்கியது. கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே நான் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. கவலைப்படவில்லை. புதுப் பாயொன்று வாங்கச் சொல்லிச் சந்தில் விரித்து வைத்தேன். நெஞ்சு லேசானது.

காலையில் போய்ப் பார்த்தேன். பாய் விரித்தபடியே கிடந்தது. மறுநாளும் அப்படித்தான்; அவருடைய சாக்கு கடை வாசலிலேயே கிடந்தது. தேத்தண்ணி வாங்க வந்தவரிடம் கேட்டேன்.

"ஏன் உள்ள படுக்கல்ல?"

"இருமல் விட மாட்டேங்குதும்மா. நடுவுல வெறும் பலகைதானே. புள்ள முழிச்சுக்கும்."

"முழிச்சா முழிக்கட்டும். வந்து படுங்க."

"சும்மா இருங்கம்மா. பச்சப் புள்ள." சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்கிப் போனார். அதன் பிறகு எத்தனை தடவை சொல்லியும் பதில் அதேதான்.

என் மகன் எதற்கும் முழிக்காத பிள்ளை. லொறி வந்து வாசலில் ஹோர்ன் அடித்தாலும், கூரைத் தகரத்தில் மழை அடித்தாலும் அசையமாட்டான். பார்க்க வந்தவர்களெல்லாம், இப்படித் தூங்கும் பிள்ளையைக் கண்டதேயில்லை என்றார்கள். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன்.